ஒலிபெருக்கி வாங்கப் போகும் அன்பர்களுக்கு

நம் திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இப்பொழுது கணிப்பொறி கூடத்திலேயே ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்துவிட்டது. சாலைக் கம்போளத்தில் வாணிகம் செய்வோர் இல்லத்திலும், அரசாங்க அலுவலகங்களில் பணிபுரிவோர் இல்லத்திலும், கழக்கூட்டத்து டெக்னோபார்க்கை நம்பிக் குடியேறிய இளைஞர் இல்லத்திலும் இதுவே காட்சி. பிள்ளைகளின் பாடம், பெரியவர்களின் வங்கி விவகாரம், பாட்டிமாரின் உபந்நியாசம் ஆகிய மூன்றும் அந்த ஒரு பெட்டியின் வாயிலாகவே நடந்தேறுகின்றன. ஆயினும் அப்பெட்டியின் குரல் எவ்வாறு உள்ளது என்று கருதிப் பார்ப்போர் சிலரே. திரை எத்தனை அங்குலம், நினைவகம் எவ்வளவு என்று பத்துக் கடை ஏறி இறங்கி விசாரிக்கும் அன்பர், ஒலிபெருக்கி என்று வரும்போது மட்டும் கடைக்காரர் கடைசியில் எடுத்து நீட்டுவதைக் கேட்டுப் பாராமலேயே பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிடுகிறார். ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்பது அவர் எண்ணம் போலும்.

ஆராய்ச்சி வேண்டும் என்பது நம் கட்சி. இவ்வூரில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் மலையாளமும் இந்தியும் பயில்கின்றனர். தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைகள் நம் சங்கத்துக் குடும்பங்களில் ஒருவர் இருவர் அல்லர். அத்தகைய பிள்ளைக்குத் தமிழ் என்பது முற்றிலும் காதால் அறியும் மொழி. வீட்டில் நாம் பேசும் தமிழோ உணவு, குளியல், பள்ளிக்கூடம், படுக்கை என்ற சிறு வட்டத்திற்குள் சுழன்று நின்றுவிடுகிறது. அதற்கப்பாலுள்ள செய்தித் தமிழும் மேடைத் தமிழும் கதைத் தமிழும் பாட்டுத் தமிழும் அப்பிள்ளையின் செவிக்கு எட்டுவது பெரும்பாலும் அந்தக் கணிப்பொறியின் வழியாகத்தான். அது மங்கலாக எட்டினால் பிள்ளை கற்பதும் மங்கலாகவே அமையும்.

முன்னாளில் இந்தப் பணியை வானொலி செய்தது. திருவிதாங்கூர் அரசு இந்நகரில் 1943 ஆம் ஆண்டு வானொலி நிலையம் அமைத்தது. 1950 ஏப்ரல் முதல் தேதி அது அகில இந்திய வானொலியைச் சேர்ந்தது. தமிழ் கேட்க விரும்பிய நம் முன்னோர் திருச்சியையும் திருநெல்வேலியையும் இலங்கையையும் தேடி முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தனர். இரவில் அலை ஏறும், இறங்கும். நடுவே கரகரப்பும் சீழ்க்கையும் புகும். இன்று திருச்சியும் திருநெல்வேலியும் அகில இந்திய வானொலியின் இணையச் சேவையில் கரகரப்பின்றிக் கிடைக்கின்றன. தமிழகத்திற்கு வெளியே வாழும் தமிழர்க்கெனச் சென்னையில் 2001 ஆம் ஆண்டு தோன்றிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இப்பொழுது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்னும் பெயரில், எழுத்துப் பாடத்தை ஒலியோடு சேர்த்தே வழங்குகிறது. சென்னையிலிருந்து இத்தனை தொலைவு பழுதின்றி வந்த தமிழ், மேசைக்கும் நாற்காலிக்கும் இடையிலுள்ள இரண்டடியில் கெட்டுப்போவதை என்னென்பது!

ஒலிபெருக்கி என்பது மாயவித்தை அன்று. காந்தம், அதன் இடையே ஒரு கம்பிச்சுருள், அச்சுருளோடு ஒட்டிய கூம்பு ஆகிய மூன்றே அதன் உறுப்புகள். மின்சாரம் சுருளை முன்னும் பின்னும் அசைக்க, கூம்பு காற்றை அசைக்கிறது. நம் செவி அதைக் குரல் என்று கொள்கிறது. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் என்னும் இருவர் 1925 ஆம் ஆண்டு இதனைச் செப்பம் செய்து வெளியிட்டனர். நூறாண்டு கழிந்தும் கடையில் நாம் வாங்கும் ஐந்நூறு ரூபாய்ப் பொருளுக்குள் இருப்பது அந்த அமைப்பே.

மனிதச் செவி வினாடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை கேட்கும் என்பர். ஆடவர் குரலின் அடித்தளம் 100 அதிர்வையும், பெண்டிர் குரலின் அடித்தளம் 200 அதிர்வையும் ஒட்டி நிற்பது. ஆனால் சொல்லைச் சொல்லாக நமக்கு விளங்கவைப்பது அடித்தளம் அன்று. அதற்கு மேலே, சில நூறு அதிர்வு முதல் நாலாயிரம் வரையுள்ள நடுப்பகுதியே. பழைய தொலைபேசி 300 முதல் 3400 வரை மட்டுமே கடத்தியது. அதிலேயே ஊரிலுள்ள அன்னையின் குரலை முதற் சொல்லிலேயே நாம் அறிந்துகொள்ளவில்லையா? ரயில் நிலைய மேடையில் தொங்கும் கொம்பு ஒலிபெருக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அதனடியில் நாள்தோறும் நடமாடுபவர் என்ற முறையில் நாம் அதற்காகப் பரிந்து பேசலாம். இனிமை என்பது அதனிடம் கிடையாது. கனத்த ஒலி எதுவும் அதிலிருந்து எழாது. ஆயினும் எஞ்சின் இரைச்சலையும் கூட்டத்தின் கூச்சலையும் கிழித்துக்கொண்டு வண்டியின் எண் நம் காதில் வந்து விழுகிறது.

தமிழுக்கு இந்த நடுப்பகுதி மிகவும் இன்றியமையாதது. தலை, தளை, தழை என்ற மூன்று சொற்களையும் சொல்லிப் பாருங்கள். லகரத்தையும் ளகரத்தையும் ழகரத்தையும் வேறுபடுத்திக் காட்டும் நுண்ணிய கூறுகள் பெரும்பாலும் 1500 முதல் 3000 அதிர்வுக்குள் அடங்கியுள்ளன. மனம் வேறு, மணம் வேறு என்று காட்டுவதும் அதனை ஒட்டிய இடமே. மலையாளத்திலும் ழகரம் உண்டு; ஆதலால் இவ்வூர்ப் பிள்ளைகளின் நா ழகரத்தில் தவறுவதில்லை என்பது நமக்குக் கிடைத்த பேறு. (சென்னையிலிருந்து வரும் உறவினர் சிலர் இவர்களைக் கேட்டு வெட்குவதை நாம் கண்டதுண்டு.) ஆனால் முன்பின் கேட்டறியாத ஒரு சொல்லை முதன்முதல் கேட்கும்போது அது எந்த லகரம் என்பதைக் காட்டித் தருவது ஒலிபெருக்கியின் கடமை. எழுத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் வழி அந்தப் பிள்ளைக்கு இல்லை.

இனிக் கடைக்குள் புகுவோம். குறைந்த விலையில் கிடைப்பன இருவகை. ஒன்று, இரண்டு சிறு பெட்டிகள் மட்டும் உள்ள ஜோடி, இதனை 2.0 என்று குறிப்பர். மற்றொன்று, இரண்டு சிறு பெட்டிகளோடு மேசைக்கடியில் வைக்கும் வூஃபர் என்னும் பெரிய பெட்டியும் சேர்ந்தது, இதற்கு 2.1 என்று பெயர். கடைக்காரர் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் முதலில் முழக்கிக் காட்டுவார். சினிமாப் பாட்டு ஒன்றை வைத்தவுடன் கண்ணாடி அலமாரி அதிரும், உடன் வந்த பையன் முகம் மலரும், விற்பனை முடிந்துவிடும்.

அந்த அதிர்ச்சிக்கு நாம் கொடுக்கும் விலை எது என்பதைக் கவனிக்க வேண்டும். மலிவான வூஃபர் பெட்டி மெல்லிய பலகையாலோ பிளாஸ்டிக்காலோ ஆனது. அது எல்லாக் கனத்த ஒலியையும் ஒரே 'தும்' என்ற ஓசையாக்கிவிடுகிறது. கூடவே வரும் சிறு பெட்டிகளில் செலவைக் குறைத்திருப்பதால் நடுப்பகுதி பள்ளமாகிறது. செய்தி வாசிப்பவர் குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவது போல் கேட்கிறது. வலியசாலையில் நமக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில் இத்தகைய ஒலிபெருக்கி வந்தது முதல், அவ்வீட்டுப் பாட்டியார் மாலை உபந்நியாசம் கேட்பதை நிறுத்திவிட்டார். காரணம் கேட்டபோது, 'சத்தம் நல்லாத்தான் கேக்குது, சொல்லுதான் புரியல' என்றார். முதுமையில் செவி முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வுகளை. மெய்யெழுத்துகளின் தெளிவு அங்கேதான் இருக்கிறது. கனத்த ஒலி மிகுந்தால் எஞ்சியிருப்பதையும் அது மூடிவிடும். அவ்வில்லத்தார் வூஃபரை ஒதுக்கிவிட்டு, பாதி விலையில் ஓர் எளிய ஜோடியை வாங்கி மேசைமேல் வைத்தனர். பாட்டியார் இப்பொழுது மறுபடியும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார்.

வூஃபரைப் பற்றி வேறொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. வலியசாலை, கரமனை, கோட்டைப் பகுதிகளின் தெருக்களில் ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டின் சுவரும் ஆகும். பேச்சுக் குரலைச் சுவர் தடுத்துவிடும்; கனத்த ஒலியை அது அத்தனை எளிதில் தடுப்பதில்லை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல் என்பது 2000 ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகுத்த அளவு. சட்டம் கிடக்கட்டும், அடுத்த வீட்டாரோடு நாளைக்கும் முகம் பார்த்துப் பேச வேண்டும் அல்லவா?

இசைப்பித்துள்ள இல்லங்கள் நம்மிடம் கோபிக்கக்கூடும். மிருதங்கத்தின் தொப்பி முழக்கமும் தவிலின் கனமும் இரண்டங்குலக் கூம்பில் எழா என்பது மெய்யே. அவர்கள் வாங்கத்தக்கது மூன்று அல்லது நான்கு அங்குலக் கூம்புள்ள, மரப்பெட்டியில் அமைந்த ஜோடி. வூஃபர்தான் வேண்டும் என்போர், அதன் அளவைத் தனியே குறைப்பதற்குத் திருகு உள்ளதா என்று பார்த்து வாங்கட்டும்; திருகு இல்லாததைத் திரும்பிப் பாரார்களாக.

அடுத்து வாட் கணக்கு. இதில்தான் ஏமாற்று மிகுதி. பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் ஆயிரம் வாட், ஈராயிரம் வாட் என்று அச்சிட்டு, அருகில் சிறு எழுத்தில் பி.எம்.பி.ஓ. என்று போட்டிருப்பதைக் காணலாம். இந்த அளவைக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட இலக்கணம் எதுவும் கிடையாது; உற்பத்தியாளர் விரும்பியதை எழுதிக்கொள்ளலாம். நாம் தேட வேண்டியது ஆர்.எம்.எஸ். என்று குறித்த வாட். தொடர்ந்து வெளியிடக்கூடிய ஆற்றல் அதுவே. அதையும் நம்பத் தயங்குவோருக்குப் பள்ளிக் கணக்கு ஒன்று உதவும். ஒலிபெருக்கியின் அடாப்டரைத் திருப்பிப் பார்த்து, அது கொடுக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்கள். 9 வோல்ட், 1 ஆம்பியர் என்றிருந்தால் 9 வாட். உள்ளே போவதே ஒன்பது என்னும்போது வெளியே ஆயிரம் தொடர்ந்து வருவது எங்ஙனம்? கணிப்பொறியின் யு.எஸ்.பி. துளையிலிருந்து மின்சாரம் பெறும் சிறு ஜோடிகளின் கணக்கு இன்னும் எளிது. பழைய துளை 5 வோல்ட்டில் அரை ஆம்பியர் தரும், அதாவது 2.5 வாட். பின்னர் வந்த நீலத் துளை 4.5 வாட் வரை தரும்.

நேர்மையான கம்பெனிகள் சிறிய எண்ணைப் போட அஞ்சுவதில்லை. லாஜிடெக் கம்பெனியின் இசட் 120 என்னும் ஜோடிக்கு 1.2 வாட் என்றே போட்டிருக்கிறார்கள். சிங்கப்பூர்க் கிரியேட்டிவ் கம்பெனியின் பெப்பிள் என்னும் உருண்டை ஜோடிக்கு 4.4 வாட். கூம்பை 45 பாகை மேல்நோக்கிச் சாய்த்து, ஒலி நேரே அமர்ந்திருப்பவர் செவிக்குச் செல்லும்படி அதனை அமைத்திருப்பது நல்ல யோசனை. இக்கம்பெனியைப் பற்றி ஒரு சொல். ஆதியில் கணிப்பொறிக்கு 'பீப்' என்ற ஓசையைத் தவிர வேறொன்றும் எழுப்பத் தெரியாது. சிம் வாங் ஹூ என்னும் சிங்கப்பூர்க்காரர் 1981 இல் கிரியேட்டிவைத் தொடங்கி, 1989 இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் என்னும் அட்டைதான் வீட்டுக் கணிப்பொறிகளைப் பேசவும் பாடவும் வைத்ததில் பெரும்பங்கு கொண்டது. அவர் 2023 ஆம் ஆண்டு மறைந்தார். நம் பக்கத்துக் கம்பெனியும் உண்டு: கடைகளில் மிகுதியாகக் காணப்படும் ஜெப்ரானிக்ஸ் சென்னையில் 1997 இல் தொடங்கியது. விளம்பரம் செய்வது நம் நோக்கமன்று. ஒரே கம்பெனி நல்லதும் செய்யும், சாதாரணமானதும் செய்யும். ஆகையால் பெயரைக் காட்டிலும் காதையே நம்புங்கள்.

நாலைந்து வாட் போதுமா என்று ஐயுறுவோர் உண்டு. கூடத்து மேசைக்கு முன் மூன்றடியில் அமர்ந்து கேட்பதற்கு இரண்டு மூன்று வாட்டே தாராளம். ஐந்து வாட்டைப் பத்தாக்கினால் ஒலி இரட்டிப்பதில்லை. மூன்று டெசிபெல்தான் கூடும், அதாவது சற்றே உயர்ந்தது போல் தோன்றும். இருமடங்கு உரக்கக் கேட்க வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். எனவே வாட்டுக்குக் கொட்டும் பணம் பெரும்பாலும் வீண்.

வாங்கத்தான் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். பல வீடுகளில் பழைய டேப் ரெக்கார்டரோ மியூசிக் சிஸ்டமோ பரணில் தூங்குகிறது. அதன் பின்புறம் 'ஆக்ஸ்' என்று எழுதிய துளையோ, சிவப்பும் வெள்ளையுமான இரண்டு துளைகளோ இருந்தால், நூறு இருநூறு ரூபாய்க் கம்பி ஒன்றால் கணிப்பொறியோடு இணைத்துவிடலாம். பழைய காலத்து நான்கங்குலக் கூம்பு இன்றைய மலிவுப் பெட்டிகள் பலவற்றை வெட்கப்படச் செய்யும்.

புதிதாக வாங்குவோர் இணைப்பைக் கேட்டறிதல் அவசியம். மேசைக் கணிப்பொறியின் பின்னால் உள்ள பச்சைத் துளையில் செருகும் 3.5 மில்லிமீட்டர் பின் உள்ளதே எங்கும் பொருந்தும். யு.எஸ்.பி. என்று எழுதியிருப்பவற்றுள் சில, மின்சாரத்துக்கு மட்டும் அத்துளையைப் பயன்படுத்திவிட்டு, ஒலிக்குத் தனியே பின்னைக் கேட்கும். சில ஒரே கம்பியில் இரண்டையும் முடிக்கும். எது என்று தெரியாமல் வாங்கினால் மறுநாள் மறுபடியும் பஸ் ஏற வேண்டியதுதான். கம்பியில்லாப் புளூடூத் சௌகரியமே. ஆனால் ஒலி சற்றுத் தாமதித்து வருவதால் திரையில் வாய் ஒருபுறமும் சொல் ஒருபுறமும் செல்வதுண்டு. வாயசைவைப் பார்த்து உச்சரிப்புக் கற்கும் குழந்தைக்கு அது ஆகாது. பாட்டு வகுப்பில் தாளம் போடவும் ஆகாது.

செவிக்குள் செருகும் இயர்போன் இருக்க ஒலிபெருக்கி எதற்கு என்று இளைஞர் வினவுவர். குழந்தைகள் வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்பதானால் 75 டெசிபெல்லுக்கு மேல் போகலாகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. காதுக்குள் எவ்வளவு ஒலிக்கிறது என்பதைப் பெற்றோர் எப்படி அறிவது? அதைவிடப் பெரிய காரணம் நமக்கு வேறு. ஒலிபெருக்கியில் கதை ஓடும்போது 'தளை என்றால் என்ன?' என்று பிள்ளை கேட்கும். அடுக்களையிலிருந்து அன்னை விடை சொல்வாள். அன்னைக்குத் தெரியாததைப் பாட்டி சொல்வாள். இயர்போன் அந்தக் கேள்வியையே பிறக்கவொட்டாமல் செய்துவிடுகிறது. இணையவழிப் பாட்டு வகுப்பில் ஆசிரியருக்கு அவர் குரலே திரும்பக் கேட்கும் என்பதால், அந்த ஒரு மணி நேரத்திற்கு மட்டும் ஹெட்போன் போட்டுக்கொள்ளட்டும்.

கடையில் சோதிப்பதற்கு நாம் கூறும் முறை இது. புறப்படுவதற்கு முன் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரின் குரலைக் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். தலை, தளை, தழை, பல்லி, பள்ளி, வாளை, வாழை, மனம், மணம் என்று வரிசை மாற்றிமாற்றி அவர் சொல்லட்டும், முடிவில் நாலு வாக்கியம் சாதாரணமாகப் பேசட்டும். மரம், மறம் என்ற ஜோடியை வேண்டுமென்றே விட்டுவிட்டோம். ரகர றகர வேறுபாடு நம்மில் பலர் நாவிலேயே இல்லாதபோது ஒலிபெருக்கியைக் குறை கூறுவது தர்மமன்று. பழவங்காடியிலோ மகாத்மா காந்தி சாலையிலோ கடைக்குப் போனதும், கடைக்காரரின் பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு இப்பதிவை ஓட்டுங்கள். பிள்ளையை முதுகு காட்டி நிற்க வைத்து, கேட்ட சொல்லைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பிழையின்றிச் சொன்னால் பாதித் தேர்வு முடிந்தது. பிறகு ஒலியை முக்கால் அளவுக்கு ஏற்றி, குரல் கிழிகிறதா, பெட்டி நடுங்குகிறதா என்று கவனியுங்கள். நிறைய நாள் கேட்டுப் பழகிய குரல் என்பதால் அது சிறிதளவு திரிந்தாலும் செவி உடனே சொல்லிவிடும். இதற்கு இணங்காத கடையை விட்டு அடுத்த கடைக்குப் போவது நலம். சாலையில் கடைகளுக்கா பஞ்சம்?

பெட்டிமேல் அதிகபட்ச விலையும், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரியும், புகார் சொல்வதற்கான எண்ணும் இருக்க வேண்டும் என்பது 2011 ஆம் ஆண்டின் விதி. அடாப்டரில் இந்தியத் தர நிறுவனத்தின் முத்திரையும், ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் உள்ளனவா என்று பாருங்கள். பழுது பார்க்கும் நிலையம் இந்நகரில் உண்டா அல்லது கொச்சிக்கு அனுப்ப வேண்டுமா என்பதையும் கேட்டு, பில்லைக் கையோடு வாங்குங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இரு பெட்டிகளையும் சுவர் மூலையில் தள்ளிவிடாதீர்கள். மூலை கனத்த ஒலியைப் பெருக்கிச் சொல்லை மூடும். திரைக்கு இருபுறமும், கேட்பவருக்குச் சமதூரத்தில், கூம்பு முகத்தை நோக்கும்படி வையுங்கள். தாழ்ந்திருந்தால் அடியில் ஒரு பழைய புத்தகத்தை முன்பக்கம் உயர்த்திச் சொருகலாம். சிமெண்டுத் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள கூடத்தில் எதிரொலி மிகும். சன்னலுக்கு ஒரு கனத்த திரையும் தரைக்கு ஒரு ஜமக்காளமும் ஆயிரம் ரூபாய் கூடுதல் விலையுள்ள ஒலிபெருக்கிக்குச் சமமான நன்மை தரும். மழைக்காலத்தில் இவ்வூரின் ஈரக்காற்று பின்னின் முனையில் களிம்பு ஏற்றும். கரகரப்புத் தோன்றினால் ஒலிபெருக்கி போயிற்று என்று எண்ணாமல், முதலில் பின்னைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்துச் செருகிப் பாருங்கள். துலாவருஷ மாதங்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை இடிமின்னல் மிகுதி என்று கேரளப் பேரிடர் மேலாண்மைத் துறையார் ஆண்டுதோறும் எச்சரிக்கின்றனர். வானம் கறுக்கத் தொடங்கியதும் கணிப்பொறியையும் அடாப்டரையும் சுவரிலிருந்தே கழற்றிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தது போதும் என்று இருக்கலாகாது. பாட்டியாரின் உபந்நியாசம் அன்று ஒரு நாள் கைபேசியில் ஒலிக்கட்டும்.